கட்டைவிரலுக்கு மேல் பேச்சில்லை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை விடிந்தபோது ரெமிக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. இரண்டும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. கைக்கு ஒன்றும் வந்தபாடில்லை.

ஒன்று அம்மா எங்க்ராசியா பார்த்து வைத்தது. கடற்படைத் தளத்தின் வாசலில் காவல் வேலை. பதினாலு வருஷம் ராணுவத்தில் சார்ஜென்ட்டாக லாரிகளை மேய்த்துவிட்டு வந்தவளுக்கு அதைத் தூக்கிக் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். திங்கட்கிழமை காலை நேர்காணல். அதற்கான சட்டையை அம்மா புதன்கிழமையே தேய்த்து மாட்டிவிட்டாள்.

இன்னொன்று ரெமி தானாகத் தேடிக்கொண்டது. ஆகட் படகுத்துறையில் ஹருமியின் ஸ்கூபா முக்குளிப்புக் கடை. மூன்று மாதமாக அங்கே சிலிண்டர் சுமந்து, விருந்தாளிகளின் ரப்பர் உடுப்புகளை அலசிக் காயப்போட்டு, வழிகாட்டிக்கான படிப்பையும் முடித்திருந்தாள். இன்றைக்குப் பரீட்சை. விருந்தாளிகளை அவளே கீழே கூட்டிப் போய், அவளே மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சரியாகச் செய்தால் வேலை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பதைப் போன வாரமே பார்த்தோம். "மீனைக் காட்டறதெல்லாம் ஒரு உத்தியோகமாடி?" என்று ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அப்பா ஃபெலிக்ஸ் எதுவும் கேட்கவில்லை. அவரும் அந்தக் காலத்துப் போர்வீரர். மகள் சீருடையைக் கழற்றியதிலிருந்து அவளிடம் அளந்துதான் பேசிக்கொண்டிருந்தார்.

ரெமிக்கு ஏன் கடல் என்று கேட்டால் அவளுக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பதினாலு வருஷம் அவள் கத்தியிருக்கிறாள். கத்துவதுதான் வேலை. தண்ணீருக்குள் யாராலும் கத்த முடியாது. முதல் தடவை கீழே போனபோது தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதே மனசு அங்கே உட்கார்ந்துவிட்டது. ஆனால் பிடித்திருப்பது வேறு, அதற்கு லாயக்காக இருப்பது வேறு. அந்தச் சந்தேகம்தான் அவளை விடியும் முன்பே எழுப்பிவிட்டிருந்தது.

படகுத்துறையில் அவளுக்கு முன்பாகவே தம்பி கீன் வந்து நின்றான்.

ஓட்டலுக்கும் விமான நிலையத்துக்கும் வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூட நாளிலேயே முக்குளிக்கக் கற்று அதற்கான அட்டையும் வைத்திருந்தான். இன்றைக்கு அவனும் ஒரு விருந்தாளி. டிக்கெட் அம்மா எடுத்துக் கொடுத்தது.

"வேவு பார்க்க அனுப்பினாங்களா?" என்றாள் ரெமி.

"ஆமாக்கா. திரும்பி வந்து ரிப்போர்ட் கொடுக்கணும். எனக்கு ஒரு பெரிய மீனா காட்டு, நல்லதாச் சொல்றேன்."

அவன் காலில் வழக்கம்போலக் காலுறை இருந்தது. அந்த வெயிலிலும் வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுத் திரிகிறவன் அந்தத் தீவிலேயே அவன் ஒருவன்தான். அதற்கு ஒரு கதை உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் கீன் ராணுவத்தில் சேரப் போனான். தட்டைப் பாதம் என்று சொல்லி டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களுடைய நபூத்தி குடும்பத்தில் சீருடை போடாத ஒரே ஆண்பிள்ளை ஆகிவிட்டான். அன்றைக்கு ஆரம்பித்த அப்பா இன்றுவரை அந்த டாக்டரைத் திட்டி ஓயவில்லை. அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் செருப்புக்குள் வைக்க ஒரு மெத்தை வாங்கிக் கொடுப்பாள்.

கூடத்துச் சுவரில் அப்பா, சித்தப்பா, ரெமி என்று வரிசையாகச் சீருடைப் படங்கள். கடைசியில் கீனுக்கென்று அடித்த ஆணி மட்டும் அப்படியே இருந்தது. அதில் இப்போது வண்டிச் சாவி தொங்குகிறது.

படகில் ஏறியதும் கீன் காலுறையைக் கழற்றிப் பையில் சுருட்டினான். காலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு மேல்தளத்தில் நடந்தான். காய்ந்த பலகையில் அவன் பாதச் சுவடு விழுந்தது. குதிகால் ஒரு வட்டம், முன்பாதம் ஒரு பட்டை, நடுவில் ஓரமாக ஒல்லியாய் ஒரு வளைவு. ரெமி அதைப் பார்த்தாள். என்னவோ இடித்தது. அதற்குள் ஹருமி கூப்பிடவே மறந்துபோனாள்.

ஹருமி ரெமியைவிடப் பத்து வயது சின்னவள். கடையைத் தன் அப்பாவிடமிருந்து வாங்கி நடத்துகிறாள். சிரித்துக்கொண்டே கண்டிப்பாக இருக்கத் தெரிந்தவள். விருந்தாளிகளுக்கு விதியைச் சொல்லும்படி ரெமியிடம் சொன்னாள். கீனும், ஒசாகாவிலிருந்து வந்த புதுத் தம்பதியும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ரெமி கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். "கரையில இதுக்கு சபாஷ்னு அர்த்தம். கீழே அப்படி இல்லை. கீழே இதுக்கு அர்த்தம், மேலே போகணும். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் தூக்கலாம். ஒருத்தர் தூக்கினா எல்லாரும் மேலே வந்துடுவோம். ஏன்னு கேட்க மாட்டோம். படகுக்கு வந்தப்புறமும் கேட்க மாட்டோம்."

"கரைக்குப் போனப்புறம்?" என்றான் கீன்.

"கரையிலயும் கேட்க மாட்டோம்."

"நம்ம வீட்டிலயுமா?"

தம்பதி சிரித்தார்கள். ஹருமி சிரிக்கவில்லை. "எங்கேயும்தான்," என்றாள்.

துறைமுகத்துக்குள் இரண்டு கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. வேறு வேறு போரில் மூழ்கியவை. கீழே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. ஒரு கையை ஒன்றின்மேலும் மறு கையை மற்றதன்மேலும் வைக்கலாம் என்பதற்காகவே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அந்த இடம் வரை கூட்டிப் போய்த் தொட வைப்பதுதான் ரெமியின் பரீட்சை.

மிதவைக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினார்கள். முன்னால் ரெமி, அவள் பக்கத்தில் கீன். தம்பதி சற்றுப் பின்னால், கடைசியில் ஹருமி. பாதி தூரத்தில் அந்தப் பெண்ணின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஹருமி அவளிடம் நின்று சரிசெய்தாள். வழக்கத்தைவிடக் கலங்கல் அதிகம். மேலே இருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள்.

முதல் கப்பலின் இரும்பு கண்ணில் பட்ட நேரத்தில் கீன் அவள் தோளைத் தொட்டான். திரும்பினாள். அவன் கட்டைவிரல் நிமிர்ந்திருந்தது.

அவன் கண் கண்ணாடிக்குப் பின்னால் அகலமாக இருந்தது. மூச்சுக் குமிழிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின. ரெமி இரண்டையும் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவளால் சொல்லிக்கொள்ள முடியாது.

தலையை ஆட்டினாள். விரல்களைக் கிட்டத்தில் வைத்து, இன்னும் கொஞ்சம்தான் என்று காட்டினாள். அவன் புஜத்தை இறுக்கிப் பிடித்துக் கீழே கொண்டுபோனாள். எத்தனையோ பையன்களை இப்படிப் பிடித்து லாரியில் ஏற்றியிருக்கிறாள்; கைக்கு அது பழகிய வேலை. யோசிக்கவே இல்லை.

கீன் போனான். இரண்டு கப்பல்கள்மேலும் கை வைத்தான். தம்பதியும் வந்து சேர்ந்து கை வைத்தார்கள். எல்லோரும் நிதானமாக மேலே வந்தார்கள்.

படகில் ஒரே கொண்டாட்டம். ஒசாகாப் பெண் ரெமியைக் கட்டிக்கொண்டாள். ஹருமி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். ரெமியிடம் கோப்பையை நீட்டும்போது, திங்கட்கிழமை காலை வந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தணிந்த குரலில் சொன்னாள். ரெமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கீன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காலுறையை எப்போது மாட்டினான் என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் அப்பா விலா எலும்புக் கறியை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் வந்ததும், பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையாக, குனிந்து அவர் கையை மூக்கில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மா சிவப்புச் சோற்றையும் எலுமிச்சை பிழிந்த கோழியையும் மேசையில் வைத்தாள். மழை ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றது.

அம்மா சோற்றைப் பரிமாறி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. "எப்படிடா இருந்துது? நிஜமாவே வேலைதானா, இல்லை விளையாட்டா?"

கீன் ஒரு கரண்டி சோற்றை வாயில் போட்டுக்கொண்டான். "வேலைதாம்மா. அக்கா கெட்டிக்காரி. நான் பாதி வழியில மேலே போகணும்னு விரலைத் தூக்கினேன். விட்டாளா? கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் கப்பலைத் தொட வச்சுட்டுத்தான் விட்டாள்."

அப்பா சிரித்தார். எத்தனையோ வாரம் கழித்து வந்த சிரிப்பு. எழுந்து போய், இருப்பதிலேயே கொழுத்த துண்டாகப் பார்த்து எடுத்துவந்து ரெமியின் தட்டில் வைத்தார்.

"அப்படித்தான் இருக்கணும்," என்றார். "சட்டையைக் கழட்டினாலும் சார்ஜென்ட் சார்ஜென்ட்தான்."

அம்மாவும் கொஞ்சம் இளகிவிட்டாள். தட்டில் அந்தக் கறித்துண்டு ஆவி பறக்கக் கிடந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரெமி ஊருக்கு வந்த நாளிலிருந்து காத்திருந்தாள். வந்துவிட்டது. ஆனால் அவளால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. மேலே போகணும்னு விரலைத் தூக்கினேன், விட்டாளா? தம்பி மெச்சித்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த அகலமான கண் மறுபடி எதிரே வந்து நின்றது.

கை கழுவப் போகிறேன் என்று எழுந்து, பப்பாளி மரத்தடிக்குப் போய் ஹருமிக்கு போன் செய்தாள்.

சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. "இன்னிக்குக் கீழே ஒருத்தர் விரலைத் தூக்கினார். நான் மேலே கூட்டிட்டு வரலை. கீழேதான் கொண்டுபோனேன்."

ஹருமி கேட்டாள். "யாரு?"

"என் தம்பி."

"இப்ப நல்லா இருக்காரா?"

"சாப்பிட்டுட்டு இருக்கான்."

"ஏன் தூக்கினார்னு கேட்டீங்களா?"

"இல்லை."

"கேட்காதீங்க," என்றாள் ஹருமி. "திங்கட்கிழமை கையெழுத்து கிடையாது. வர்றதா இருந்தா வாங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், சிலிண்டர் நிரப்பறதுலேர்ந்து. எப்ப முடியும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அது பாராட்டா, கோபமா என்று ரெமிக்குப் புரியவில்லை. காலையில் கையில் வந்த வேலை சாயங்காலத்துக்குள் போய்விட்டது; போக்கியதும் அவளேதான். திங்கட்கிழமைக்குத் தேய்த்த சட்டை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி. வாசலில் நின்று வருகிறவனை நிறுத்துவதும் அனுப்புவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே அவள் மாற வேண்டியதே இல்லை.

யோசிக்க யோசிக்க அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மேசைக்குத் திரும்பியதும் நின்றபடியே சொன்னாள். "அப்பா, நான் செஞ்சது தப்பு. அவன் விரலைத் தூக்கினதும் எல்லாரையும் மேலே கொண்டுவந்திருக்கணும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்ன தப்பு? பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டுத்தானே வந்தான்? முழுசாத்தானே வந்திருக்கான்?"

"முழுசா வந்ததாலதான் யாருக்கும் தப்புன்னு தெரியலை."

"பின்னால பத்து பேர் வரும்போது ஒருத்தனுக்காகத் திரும்புவாங்களாம்மா? நீயே திரும்பியிருக்கியா?"

"இல்லைப்பா. அங்க லாரியை நிறுத்தினா பின்னால வர்றவன் செத்துடுவான். இங்க நிக்கலைன்னா விரலைத் தூக்கினவன் செத்துடுவான். தண்ணிக்குள்ள அவனுக்கு என்னன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் விரலுக்கு மேல என் பேச்சு கிடையாது. இவ்வளவு படிச்சும் என் கைக்கு அது ஏறலை."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வாதாடாமல் தட்டைத் தள்ளிவைத்தார். அம்மாவின் கவலை அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அது இருக்கட்டும். நீ ஏண்டா மேலே போகணும்னே? நெஞ்சு வலிச்சுதா?"

"ஒண்ணுமில்லைம்மா," என்றான் கீன்.

"ஒண்ணுமில்லாமலா தூக்குவே? தலை சுத்திச்சா? நான் பெத்தவ, என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

கீன் பிடிகொடுக்காமல் கோழிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். அம்மா விடவில்லை. காலால்தான் இருக்கும் என்று அவளே முடிவுக்கு வந்தாள். அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு எப்படித் துடுப்பு அடிப்பான் பிள்ளை? கால் என்ற பேச்சு வந்ததும் அப்பாவுக்கு டாக்டர் ஞாபகம் வந்துவிட்டார். அந்தக் குருட்டு டாக்டர் மட்டும் அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்திருந்தால், என்று ஆரம்பித்தார். இதைவிட மோசமான பாதத்தோடு எத்தனை பேர் நடந்து ஜெயித்தார்கள் என்று அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும். சுவரில் ஒரு ஆணி பதினோரு வருஷமாகச் சும்மா நிற்கிறது என்றார். அம்மா இந்தப் பக்கம் ஏண்டா ஏண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கீன் கரண்டியைக் கீழே வைத்தான். முகம் வெளுத்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, சோற்றுக் கிண்ணத்துக்கு மேலாகக் கட்டைவிரலை நிமிர்த்தினான்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "சோறு நல்லா இருக்குன்னா வாயைத் திறந்து சொல்லேன்டா," என்றாள்.

ரெமி எழுந்துவிட்டாள். கூடத்துக்குப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்தாள். "வாடா," என்றாள். அவன் தோளில் கை வைக்கவில்லை. கதவை மட்டும் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடற நேரத்துல எங்கேடி? திங்கட்கிழமை விஷயம் இன்னும் பேசலை."

"பேச ஒண்ணுமில்லைம்மா. திங்கட்கிழமை நான் கடையில சிலிண்டர் நிரப்பப் போறேன். சட்டையை எடுத்து உள்ளே வச்சுடு."

"அங்கே வேலை கொடுத்துட்டாங்களா?"

"கொடுக்கலை. ஆனாலும் போறேன்."

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். ரெமி சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. என்னடா ஆச்சு என்ற கேள்வி நுனிநாக்கில் நின்றது. பதினாலு வருஷமாக எந்தக் கேள்வியையும் அங்கே நிறுத்தி வைத்துப் பழக்கமில்லை அவளுக்கு. நிறுத்தினாள். அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

கீன் குனிந்து காலுறைகளைக் கழற்றினான். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்த டாக்டர் என் காலைப் பார்க்கவே இல்லை."

ரெமி சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"வரிசையில எனக்கு முன்னால நாலு பேர் நின்னாங்க. நான் வெளியில வந்துட்டேன். யாரும் வேண்டாம்னு சொல்லலை. நானேதான். வீட்டுக்கு வர்ற வழியில பாதக் கதையைக் கட்டினேன். இன்னிக்குக் கீழே அந்த இரும்பைப் பார்த்ததும் அன்னிக்கு நின்ன மாதிரியே இருந்துது." மடியிலிருந்த காலுறையைச் சுருட்டினான். "அந்த மனுஷன் பாவம். பதினோரு வருஷமாத் திட்டு வாங்கிட்டு இருக்கார்."

காலையில் படகுப் பலகையில் பார்த்த வளைவு ரெமிக்கு இப்போதுதான் விளங்கியது. தட்டைப் பாதமாக இருந்தால் நடுவில் வளைவே விழாது, பாதம் முழுக்கப் பதியும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தப் பிள்ளை வாழ்க்கையில் இரண்டே தடவைதான் திரும்ப வேண்டும் என்று நினைத்திருக்கிறான். முதல் தடவை பொய் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கூடப்பிறந்தவளே பிடித்துத் தள்ளினாள். அவளுக்குத் தன்மேல் கோபமாக வந்தது.

வாசல் விளக்கு எரிந்தது. அப்பா வெளியே வந்தார். கையில் பொட்டலம். பாதியில் எழுந்து போகிற பிள்ளைகளுக்குக் கறியைத் தாளில் சுற்றி எடுத்துவந்திருந்தார். கோபமாக இருந்தாலும் அவருக்கு அது விட்டுப்போகாத பழக்கம்.

ரெமி சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள். போய்விடலாம். இன்றைக்கு இது போதும்.

"வேண்டாம்க்கா," என்றான் கீன். "அணைச்சுடு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அணைத்தாள்.

அவன் காலுறைகளை இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கினான். மழை நனைத்த புல்லில் வெறுங்காலோடு நடந்தான். நில்லுடா, நான் முதலில் பேசுகிறேன் என்று கத்த வேண்டும்போல் ரெமிக்கு வாய் பரபரத்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீன் கூரைக்கடியில் காய்ந்திருந்த சிமென்ட் தரையில் ஏறினான். ஒரு சுவடு விழுந்தது. பிறகு இன்னொன்று. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அப்பாவுக்கு எதிரே போய் நின்றான்.

அப்பா பொட்டலத்தை நீட்டப் போனவர் நீட்டவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.